உப்புநீர் மீன்தொட்டி: மேல்நீரில் படியும் ஏட்டை நீக்குவது எப்படி?

கடலோர மாவட்டங்களில் விவசாயத்தோடு சேர்த்து வண்ணமீன் வளர்ப்பையும் உபதொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன்களில் தொடங்கி, கொஞ்சம் அனுபவம் வந்ததும் கோமாளி மீன் போன்ற கடல் மீன்களுக்கு வருகிறார்கள். கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் வெற்றிகரமாகச் செய்து காட்டியுள்ளன.

நன்னீர்த் தொட்டியில் பழகியவர்கள் உப்புநீர்த் தொட்டி வைத்ததும் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் தெளிவாக இருக்கும், மீனும் நன்றாகத் தின்னும். ஆனால் மேல்நீரில் மட்டும் ஆறிய பாலில் படிவது போல மெல்லிய ஏடு ஒன்று படிந்திருக்கும். 'அழுக்குதானே, பிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவார்கள். ஒருநாள் இரவு இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றுபோகும். காலையில் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும், அல்லது செத்துக் கிடக்கும்.

மின்தடையோடு அந்த ஏடும் சேர்ந்ததால்தான் இந்த நிலைமை. அது எப்படி உருவாகிறது, ஏன் ஆபத்து, செலவு குறைவாக எப்படி நீக்குவது என்பதைப் பார்ப்போம்.

ஏடு எதனால் படிகிறது?

மீன் தீவனத்தில் உள்ள கொழுப்பு, மீன் கழிவிலும் உடல் வழவழப்பிலும் உள்ள புரதம், அழுகும் பாசி, தூசி ஆகியவைதான் காரணம். இவற்றில் உள்ள பல பொருட்களுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை தண்ணீரை வெறுக்கும். அதனால் அவை தண்ணீரும் காற்றும் சேரும் இடத்துக்கு வந்து ஒட்டிக்கொள்கின்றன. அங்கே பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று பெருகும்போது ஏடு தடிக்கிறது.

வீட்டுக்குள் இருந்தும் ஏடு வருகிறது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டியில் கை விடுவது, அடுப்படியில் தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை, சாம்பிராணிப் புகை, கொசுவிரட்டித் தெளிப்பான் ஆகிய எல்லாமே மேல்நீரில் போய்ப் படியும். காற்று மோட்டாரை அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே எண்ணெய்ப் புகையை உறிஞ்சித் தொட்டிக்குள் அனுப்பும். கொசுவிரட்டி மருந்தில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கு நேரடி நஞ்சு என்பதையும் மறக்க வேண்டாம்.

மெல்லிய ஏடு அவ்வளவு ஆபத்தா?

மீன் வளர்ப்பவர்களுக்கு ஏட்டின் பலம் ஏற்கெனவே தெரியும். நாற்றங்கால் குளத்தில் நுண்குஞ்சு விடுவதற்கு முன்பு நீர்ப்பூச்சிகளை ஒழிக்க, எக்டருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கலந்த கரைசலைத் தெளிப்பது பழைய முறை. மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் பூச்சிகளின் சுவாசத் துளையை அந்தப் படலம் அடைத்துவிடும்.

எண்ணெய் எவ்வளவு மெல்லியதாகப் பரவும் என்பதற்கு இன்னொரு உதாரணம். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனை அடுத்த கிளாபம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பில் பரவி, காற்றில் எழுந்த சிற்றலைகளை அடக்கிவிட்டது என்று 1774-ல் வெளியான கட்டுரையில் எழுதினார். தொட்டியிலும் நடப்பது இதுதான். ஏடு பிளாஸ்டிக் தாள் போல காற்றை முழுவதும் அடைப்பதில்லை. ஆனால் மேல்நீரின் அசைவை அடக்கிவிடுகிறது. அசையாத நீரில் ஆக்சிஜன் மெதுவாகத்தான் இறங்கும், மீன் வெளிவிடும் கரியமில வாயுவும் மெதுவாகத்தான் வெளியேறும். கரியமில வாயு தேங்கினால் தண்ணீரின் பி.எச். அளவும் குறையும்.

உப்புநீரில் இந்தப் பிரச்சினை இன்னும் கூடுதல். 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்னீர் அதிகபட்சமாக லிட்டருக்குச் சுமார் 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அதே வெப்பத்தில் லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் சுமார் 6.4 மில்லிகிராம்தான் பிடித்து வைக்கும். கையிருப்பு குறைவாக உள்ள இடத்தில் வரவும் குறைந்தால் என்ன ஆகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அளவு மிகவும் குறைகிறது.

குஞ்சு பொரிப்பகத்தில் இது இன்னும் முக்கியம். கொடுவா போன்ற மீன்களின் நுண்குஞ்சுகள் பொரித்த சில நாட்களில் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கித்தான் நீந்துபையை நிரப்பிக்கொள்ளும். எண்ணெய் ஏடு இருந்தால் அந்தக் காற்று கிடைக்காது. நீந்துபை நிரம்பாத குஞ்சு சரியாக நீந்தாது, தேறுவதும் கடினம். அதனால்தான் குஞ்சுத் தொட்டிகளில் ஏடு நீக்கும் கருவியை வைக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

• கண்ணாடியின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து மேல்நோக்கிப் பாருங்கள். சுத்தமான மேல்நீர் கண்ணாடி போலப் பளபளக்கும். ஏடு இருந்தால் மங்கலாக, தூசி ஒட்டியது போலத் தெரியும்.

• காற்றுக் குமிழ்கள் மேலே வந்ததும் உடைய வேண்டும். உடையாமல் கூட்டமாக நின்றால் புரத ஏடு இருக்கிறது.

• வானவில் நிறம் தெரிந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். உடனே மறுபடி ஒன்று சேர்ந்தால் எண்ணெய். கண்ணாடிச் சில்லு போல உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்புச் சத்தால் வந்த ஏடாக இருக்கலாம். உவர் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துபவர்கள் இதைப் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் தண்ணீரைத் தனித் தொட்டியில் காற்றூட்டித் தெளியவிட்டு, வடிகட்டிய பிறகே மீன்தொட்டியில் விடவும்.

உடனடியாக நீக்கும் வழி

முதலில் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். சோப்பு போட்டால் சோப்பு முழுவதும் போகும்வரை வெறும் தண்ணீரில் அலசுங்கள். மோட்டாரை நிறுத்துங்கள். அச்சிடாத, வாசனை சேர்க்காத வெள்ளை டிஷ்யூ தாளைத் தொட்டியின் அகலத்துக்கு விரித்து, மேல்நீரில் படும்படி வையுங்கள். சில நொடிகளில் ஏடு தாளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்து எடுத்துவிடுங்கள். புதிய தாளில் இரண்டு மூன்று முறை செய்யவும். தாள் ஊறிக் கிழியும் முன் எடுத்துவிட வேண்டும்.

குவளையாலும் எடுக்கலாம். குவளையை நேராகப் பிடித்து, அதன் விளிம்பு நீர்மட்டத்துக்கு மயிரிழை கீழே இருக்கும்படி மெதுவாக இறக்கினால் மேல்நீர் மட்டும் உள்ளே வழியும். எடுத்த அளவுக்கு அதே உப்பளவு உள்ள புதிய நீரை ஊற்றவும்.

இந்த இரண்டுமே அப்போதைக்கான வேலைதான். தீவனம் போடும் வரை ஏடு திரும்பத் திரும்ப வரும். ஆகவே மேல்நீர் எப்போதும் வழிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும்படி அமைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. ஏரியில் கலிங்கு வைத்து மிகுநீரை வடிப்பதைப் போன்றதுதான் இது.

வீட்டிலேயே செய்யும் ஏடு வடிப்பான்

தேவையானவை: உணவுப் பொருள் வைக்கும் தரமான சிறிய பிளாஸ்டிக் டப்பா, மணிக்கு 200 முதல் 300 லிட்டர் இறைக்கும் சிறிய நீர்மூழ்கி மோட்டார், கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சிகள், வடிகட்டும் பஞ்சு.

1. டப்பாவின் மேல்விளிம்பில் சீப்புப் பற்கள் போல 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டுகள் போடவும். மீன் உள்ளே போகாத அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும்.

2. மோட்டாரை டப்பாவின் அடியில் வைத்து, அதன் வெளிக்குழாயைத் தொட்டிக்குள் திருப்பிவிடவும். மோட்டாருக்கு மேலே பஞ்சை வைக்கவும்.

3. வெட்டுகளின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கும்படி டப்பாவைத் தொட்டியின் உள்பக்கம் ஒட்டவும்.

4. மோட்டாரைப் போட்டதும் டப்பாவுக்குள் நீர்மட்டம் குறையும். வெட்டுகளின் வழியே மேல்நீர் ஏட்டோடு சேர்ந்து உள்ளே விழும்.

மெல்லிய நீர் விளிம்பைத் தாண்டி வழிந்தால்தான் ஏடு வரும். டப்பாவை ஆழமாக வைத்தால் அடிநீரும் கலந்து வந்துவிடும், ஏடு அப்படியே நிற்கும். மோட்டார் பெரிதாக இருந்தால் டப்பா காலியாகி, காற்றை இழுத்துச் சத்தம் போடும். அப்போது டப்பாவைக் கொஞ்சம் இறக்கவும், அல்லது சிறிய மோட்டார் போடவும்.

பஞ்சை 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை மாற்றவும். பஞ்சில் பிடித்த அழுக்கு தொட்டிக்குள்ளேதான் இருக்கிறது. அதை எடுக்காவிட்டால் அங்கேயே அழுகி அம்மோனியாவாகும்.

நீர்மட்டத்தைத் தினமும் பாருங்கள்

இந்த வடிப்பான் வேலை செய்யாமல் போவதற்கு முதல் காரணம் நீர் ஆவியாவதுதான். நீர்மட்டம் அரை அங்குலம் குறைந்தாலும் வெட்டுகளுக்குள் நீர் வராது. அதனால் தினமும் நீர்மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. எனவே குறைந்த அளவை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புநீரால் நிரப்பக் கூடாது. உப்புநீரை ஊற்றிக்கொண்டே வந்தால் சில வாரங்களில் உப்பு ஏறி மீன் நோய்வாய்ப்படும். ஆர்.ஓ. நீர் சிறந்தது. குழாய் நீர் என்றால் குளோரின் நீக்கியபின் ஊற்றவும்.

பெரிய தொட்டிக்கு: வழிபெட்டியும் சம்ப்பும்

அதிக மீன் வைப்பவர்கள் தொட்டியின் ஒரு மூலையில் சீப்பு விளிம்புள்ள வழிபெட்டி அமைத்து, அதில் விழும் நீரைக் குழாய் வழியே கீழே உள்ள இரண்டாவது தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்கு, இறக்கலாம். அங்கிருந்து மோட்டார் மறுபடி மேலே அனுப்பும். இதில் ஆவியாகும் நீர் சம்ப்பில்தான் குறையும், மேல் தொட்டியின் மட்டம் மாறாது. ஏடு வடிவதும் நிற்காது.

3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரமுள்ள தொட்டி விளிம்புவரை சுமார் 190 லிட்டர் கொள்ளும். அதில் 170 லிட்டர் நீர் இருந்தால், மணிக்கு 3 முதல் 5 முறை சுற்றும்படி 500 முதல் 850 லிட்டர் இறைக்கும் மோட்டார் போதும். மேலே ஏறும் உயரத்தில் மோட்டாரின் திறன் குறையும் என்பதால், வாங்கும்போது அந்த உயரத்தில் எவ்வளவு இறைக்கும் என்று கேட்டு வாங்கவும்.

மின்சாரம் நின்றால் மேல்நீர் கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கும். மேற்சொன்ன தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினால் சுமார் 10.5 லிட்டர். 2 அங்குலம் இறங்கினால் 21 லிட்டர். அந்த அளவுக்குச் சம்ப்பில் எப்போதும் காலியிடம் விடவும். மேலே நீர் திரும்பும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஒட்டியே வைக்கவும். ஆழமாக வைத்தால் மோட்டார் நின்றதும் அதே குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்கி வீடு முழுவதும் தண்ணீராகும். மின்சாரத்தை நிறுத்தி ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகே மீன் விடவும்.

வழிந்து வரும் நீர் முதலில் விழும் அறையில் புரோட்டீன் ஸ்கிம்மர் வைப்பது நல்லது. நுண்ணிய குமிழ்களில் புரதம் ஒட்டி நுரையாக ஏறி, மேலே உள்ள கிண்ணத்தில் சேரும். அழுக்கு தொட்டியை விட்டே வெளியேறிவிடும். உப்புநீரில் குமிழ்கள் நுண்ணியதாக நிற்பதால் இந்தக் கருவி நன்றாக வேலை செய்கிறது. எண்ணெய்க் கையைத் தொட்டியில் விட்டால் நுரை அமுங்கி, சில மணி நேரம் கருவி வேலை செய்யாது. நுரை திடீரென்று நின்றால் முதலில் இதை யோசியுங்கள்.

மேல்நீர் அசைய வேண்டும்

நீரைத் தள்ளும் மோட்டாரின் வாயைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, மேல்நீர் முழுவதும் சிற்றலை எழும்படி வையுங்கள். ஆனால் அசைவு மட்டும் ஏட்டை வெளியேற்றாது. அதை உடைத்து நீருக்குள் கலக்கும், மோட்டார் நின்றதும் மறுபடி மேலே வந்து படியும். ஆகவே அசைவும் வேண்டும், வடிப்பானும் வேண்டும்.

காற்றுக்கல்லும் உதவும். ஆனால் உப்புநீரில் குமிழ் உடையும்போது தெறிக்கும் துளிகள் விளிம்பிலும் மின்கம்பியிலும் உப்பாகப் பூக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கவும். மின்கம்பி சுவிட்ச் பெட்டிக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி அமைத்தால், கம்பி வழியே ஓடும் நீர் பெட்டிக்குள் போகாது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

ஏடு வராமல் குறைப்பது

• 2 அல்லது 3 நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் தீவனம் போடவும். மீந்ததை உடனே எடுக்கவும்.

• உறைந்த இறால், மீன் துண்டுகளை நல்ல நீரில் அலசி, நீரை வடித்துவிட்டுப் போடவும். எண்ணெய் கலந்த தீவனத்தைக் குறைக்கவும்.

• தீவனம் போடும்போது வடிப்பானை நிறுத்தலாம். மறுபடி போட மறக்கக் கூடாது.

• வாரம் ஒருமுறை 10 சதவீத நீரை மாற்றவும்.

• தொட்டியை அடுப்படியிலிருந்து தள்ளி வைக்கவும். கண்ணாடி மூடியால் முழுவதும் அடைக்காமல் வலை மூடி போடவும். மீன் துள்ளி விழாது, காற்றும் போகும்.

மின்தடை வந்தால்

முதல் வேலையாக ஏட்டை எடுங்கள். மூடியைத் திறந்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் குவளையால் நீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் செய்தால் மீன் தாங்கும். மின்சாரம் வரும்வரை தீவனம் வேண்டாம்.

மூடிய வடிகட்டி வைத்திருப்பவர்கள், அது பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே உள்ள நீரைக் கீழே கொட்டிவிட்டே மறுபடி ஓடவிட வேண்டும். அந்த நீர் கெட்டுப்போயிருக்கும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேள்வி: ஒரு துளி சோப்புத்தூள் போட்டால் எண்ணெய் போய்விடும் என்கிறார்களே?

பதில்: போடவே கூடாது. சோப்பு மீனின் செவுளைப் பாதித்துக் கொன்றுவிடும். தொட்டிக்குரிய வாளி, குவளை, துணி எதையும் சோப்பில் கழுவ வேண்டாம்.

கேள்வி: மேல்நீர் சுத்தமாக இருந்தும் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது. ஏன்?

பதில்: அம்மோனியா ஏறியிருக்கலாம், செவுளில் நோய் இருக்கலாம், அல்லது நீர் அதிகம் சூடாகியிருக்கலாம். அம்மோனியாவையும் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். அம்மோனியா இருந்தால் தீவனத்தை நிறுத்தி, நீரை மாற்றவும்.

கேள்வி: கடலிலிருந்து பவளப்பாறையை எடுத்துவந்து போட்டால் நீர் சுத்தமாகுமா?

பதில்: வேண்டாம். பவளப்பாறைகள் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

காலையில் செய்ய வேண்டியது

விளக்கைப் போடும் முன் ஒரு நிமிடம் தொட்டியின் முன்னால் நின்று பாருங்கள். மீன்கள் எங்கே நிற்கின்றன, கீழிருந்து பார்த்தால் மேல்நீர் பளபளக்கிறதா, வடிப்பானில் நீர் வழிகிறதா, நீர்மட்டம் சரியா என்ற நான்கையும் கவனித்தால் போதும். மாட்டுக்கொட்டகையில் காலையில் முதலில் மாட்டின் மூக்கையும் சாணத்தையும் பார்ப்பது போல இதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மேல்நீர் தினமும் சுத்தமாக இருந்தால், மின்சாரம் போகும் இரவிலும் மீனைக் காப்பாற்ற உங்களுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிக மீன் வாங்கும் முன் ஒரு சிறிய தொட்டியில் வடிப்பானை அமைத்துச் சில வாரம் ஓட்டிப் பழகுங்கள். கூடுதல் ஆலோசனைக்கு உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகவும்.